கடலோரச் சாலையில் ஆறு இரவுகள்: கேரவனில் ஓர் ஒளிப்படப் பயணத்தைத் திட்டமிடுதல்

மங்களூரிலிருந்து கார்வார் வரை தேசிய நெடுஞ்சாலை 66-இல் ஏறத்தாழ 270 கிலோமீட்டர். சாதாரணக் காரில் காலையில் புறப்பட்டால் மதிய உணவுக்குப் போய்ச் சேரலாம். நாங்கள் அத்தொலைவைக் கடக்க ஏழு பகல்களும் ஆறு இரவுகளும் எடுத்துக்கொண்டோம். மங்களூரில் பணியாற்றிய காலத்தில், ஒரே அலுவலகத்தில் நிலக்காட்சி ஒளிப்படத்தில் பித்துக்கொண்ட நால்வர் ஒன்று சேர்ந்தோம். கேரவன் எனப்படும் வீட்டு ஊர்தி ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். அப்பயணத்திலிருந்து திரும்பிய நாள் முதல், வாடிக்கையாளர்கள் பலர் இதுபற்றி எங்களிடம் கேட்டுவருகின்றனர். என்ன செலவாகும், எந்த மாதம் நல்லது, வண்டியை வாங்கிவிடலாமா என்னும் வினாக்களே மிகுதி. அவற்றுக்கான விடைகளையும், எவரும் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய சிலவற்றையும் இங்கே தருகிறோம்.

ஒளிப்படக்காரருக்குக் கேரவன் எதற்கு? விடுதியில் தங்குவோர் காலை ஐந்து மணிக்கு எழுந்து, காவலாளியை எழுப்பிக் கதவைத் திறக்கச் செய்து, இருபது கிலோமீட்டர் ஓட்டிக் கடற்கரைக்குச் செல்வதற்குள் வானத்தின் நிறம் மாறிவிடும். நம் அட்சரேகையில் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக இறங்கி ஏறுகிறது. ஆதலால் அந்தி நீடிப்பதில்லை. சூரியன் மறைந்தபின் நல்ல ஒளி இருப்பது இருபது, இருபத்தைந்து நிமிடங்களே. ஐரோப்பியர் எழுதிய ஒளிப்பட நூல்களில் சொல்லப்படும் நீண்ட நீலப் பொழுதை எதிர்பார்த்து நிற்பவர் இங்கே ஏமாறுவார். படுக்கையிலிருந்து முக்காலி நிற்கும் இடத்துக்கு நடந்தே செல்ல முடிவதுதான் கேரவனின் உண்மையான பயன். சமையலறையும் குளியலறையும் அதற்குப் பிறகுதான்.

திசையும் பருவமும்

திட்டத்தின் முதல் வரி தேதியாக இருக்கட்டும். இடத்தைப் பிறகு பார்க்கலாம். கர்நாடகக் கடற்கரையில் ஜூன் தொடக்கத்தில் இறங்கும் தென்மேற்குப் பருவமழை செப்டம்பர் வரை ஓய்வதில்லை. மழைக்கால மேகங்கள் படத்துக்கு அழகு என்பது உண்மை. ஆயினும் 2024 ஜூலை 16 அன்று அங்கோலாவுக்கு அருகே சிரூரில் மலைச்சரிவு இதே நெடுஞ்சாலையின்மீது விழுந்து, சாலையோரம் இருந்தவர்களையும் நின்றிருந்த வண்டிகளையும் கங்கவள்ளி ஆற்றுக்குள் தள்ளியதை நினைவில் கொள்ள வேண்டும். அடுத்த மாதமே கார்வாரில் காளி ஆற்றின் பழைய பாலம் நள்ளிரவில் இடிந்து விழுந்தது. மழைக்காலத்தில் இச்சாலையோரத்தில் வண்டிக்குள் உறங்குவதை நாங்கள் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டோம். (உடுப்பி மாவட்ட எல்லையில் சுங்கச்சாவடி உள்ள சிரூர் வேறு, இது வேறு. வரைபடத்தில் தேடும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

டிசம்பர், ஜனவரி மாதங்களில் வானம் துப்புரவாக இருக்கும். சுற்றுலாவுக்கு அது நல்லது. படத்துக்கு வெறும் நீலத்தைத் தவிர ஒன்றுமில்லை. அக்டோபர் இறுதியும் நவம்பரும் எங்கள் தேர்வு. மழை பெரும்பாலும் விட்டிருக்கும், மலைப்பக்கம் இன்னும் பச்சை மாறியிருக்காது, மாலையில் மேகத் துணுக்குகள் எஞ்சியிருக்கும். ஓரிரு நாள் மழையில் வீணாகலாம் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சூரியன் எங்கே மறைகிறது என்பதும் மாதத்துக்கு மாதம் மாறுகிறது. மார்ச் 21, செப்டம்பர் 23 ஆகிய நாட்களை ஒட்டி நேர் மேற்கில் மறையும் சூரியன், டிசம்பர் இறுதியில் மேற்கிலிருந்து தெற்கே ஏறக்குறைய 24 பாகை தள்ளி மறையும். ஜூனில் அதே அளவு வடக்கே. ஒரு பாறைக்கோ கலங்கரை விளக்கத்துக்கோ பின்னால் சூரியனை வைத்துப் படமெடுக்க விரும்புபவர், சென்ற ஆண்டு மே மாதத்தில் யாரோ எடுத்த படத்தைப் பார்த்து நவம்பரில் போய் நின்றால் சூரியன் வேறிடத்தில் இருக்கும்.

மேற்குக் கரையில் காலையில் கடலைப் பார்த்து முக்காலி வைப்பது பெரும்பாலும் பயனற்றது. கிழக்கே தொடர்ச்சி மலை நிற்பதால் கதிர் கரையைத் தொடுவதற்கே நேரமாகும். தொட்டபின் கடல் தட்டையாகத் தெரியும். ஆதலால் மாலைகளைக் கடலுக்கும் காலைகளை ஆற்றுக் கழிமுகங்களுக்கும் ஒதுக்கினோம். இக்கரையில் அதற்குக் குறைவில்லை. உடுப்பியைத் தாண்டினால் சௌபர்ணிகா, ஹொன்னாவரில் சராவதி, கும்டாவை அடுத்து அகநாசினி, பின்னர் கங்கவள்ளி, இறுதியில் காளி என்று ஒவ்வோர் அரைநாள் தொலைவிலும் ஓர் ஆறு கடலோடு கலக்கிறது. கிழக்கு நோக்கி நின்றால் நீர்ப்பரப்பில் பனிமூட்டமும், அதற்கு அப்பால் அடுக்கடுக்கான மலைகளும் கிடைக்கும். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. பௌர்ணமியை ஒட்டிய விடியலில் முழுநிலவு மேற்குக் கடலில் மறையும். கீழைக் கடற்கரையில் வளர்ந்த நமக்கு நிலவு கடலிலிருந்து எழுவதுதான் பழக்கம். அது கடலுக்குள் இறங்குவதைக் காண ஒருமுறையேனும் சீக்கிரம் எழலாம்.

மரவந்தேயில் இரண்டு பொழுதுகளும் ஒரே இடத்தில் வாய்க்கின்றன. அங்கே நெடுஞ்சாலையின் ஒரு பக்கம் அரபிக்கடல், மறுபக்கம் சௌபர்ணிகா. மாலையில் மேற்கே நோக்கிய முக்காலியை மறுநாள் காலையில் சாலையைக் கடந்து கிழக்கே திருப்பினால் போதும். ஒரே ஓர் இரவு மட்டும் இப்பயணத்துக்கு ஒதுக்க முடிபவர் அதை இங்கே செலவிடலாம்.

பயணத் திசையைப் பற்றி ஒரு சொல். தெற்கிலிருந்து வடக்கே செல்லுங்கள். நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறோம். வடக்கே செல்லும்போது கடலும் இடப்பக்கமே இருக்கும். நான்கு வழிச்சாலையில் தடுப்பைத் தாண்டி மறுபக்கம் செல்ல வேண்டுமானால் சில கிலோமீட்டர் சென்று திரும்பிவர நேரிடும். அதற்குள் ஒளி போய்விடும். கேரவனின் பக்கக்கதவும் இடப்புறமே திறக்கும் என்பதால், இறங்கும்போது வேகமாக வரும் லாரிகளின் பக்கம் கால் வைக்க வேண்டியதில்லை.

எங்கள் வழி

முதல் மாலை காபு. அங்கே பாறைமேல் 1901-இல் எழுப்பப்பட்ட கலங்கரை விளக்கம் நிற்கிறது. எல்லாரும் பாறையின் அடிவாரத்திலிருந்தே அதைப் படமெடுக்கின்றனர். வடக்கே சற்றுத் தொலைவு மணலில் நடந்தால் கோபுரமும் பாறையும் அலைவிளிம்பும் ஒரே சட்டகத்தில் அமையும். இரண்டாம் நாள் மல்பெ துறைமுகத்திலிருந்து படகில் செயின்ட் மேரி தீவுகளுக்குச் சென்றோம். எரிமலைக் குழம்பு குளிர்ந்து இறுகியபோது உண்டான பல்கோணத் தூண்கள் அங்கே தேன்கூட்டை நிமிர்த்தி வைத்ததுபோல் நிற்கின்றன. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்து பிரிந்த காலத்தைச் சேர்ந்தவை அவை என்பது நிலவியலாளர் கூற்று. வயது எட்டுக் கோடி ஆண்டுகளுக்கும் மேல். படகுகள் பகலில் மட்டுமே ஓடுகின்றன, மழைக்காலத்தில் ஓடுவதில்லை. ஆகவே அங்கே அந்தி ஒளியை எதிர்பார்க்காமல், தூண்களின் வடிவத்தை மட்டும் எடுக்கும் நோக்கத்துடன் செல்ல வேண்டும்.

மூன்றாம் நாள் மரவந்தே. நான்காம் நாள் பைந்தூர், பட்கல் வழியாக முருடேஸ்வர். அடுத்தது ஹொன்னாவரை ஒட்டிய காசர்கோடு. கேரளத்துக் காசர்கோட்டோடு இதற்குத் தொடர்பில்லை. இங்குள்ள கடற்கரையும் தெற்கே படுபித்ரிக் கடற்கரையும் 2020-இல் நீலக்கொடித் தகுதி பெற்றவை. மணலில் வண்டி இறக்க இடமில்லை. மேலும் இப்பகுதிக் கரைகளில் குளிர்காலத்தில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. இரவில் முகப்பு விளக்கையோ வெண்ணிறக் கைவிளக்கையோ மணலை நோக்கி எரியவிட்டால் ஆமை திரும்பிப்போய்விடும். எங்கள் ஓட்டுநர் இதை முன்பே அறிந்திருந்தார், நாங்கள் அறிந்திருக்கவில்லை.

ஒரு நாளைக்கு ஐம்பது, அறுபது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவதில்லை என்று முடிவு செய்திருந்தோம். கேரவன் மெதுவாகவே செல்லும். அதன் உயரத்துக்குத் தாழ்ந்த கிளைகளும் மின்கம்பிகளும் இரயில்பாதைக்குக் கீழுள்ள வழிகளும் தடை. வண்டியின் உயரத்தை மீட்டரில் எழுதி ஓட்டுநரின் கண்முன் ஒட்டிவைக்க வேண்டும். கோகர்ணத்தின் கோயில் தெருக்களுக்குள் அதை நுழைக்க நினைக்கவே கூடாது. ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு ஆட்டோவில் செல்வதே முறை. மணல்மேல் ஒருபோதும் ஏற்ற வேண்டாம். இரவில் நிறுத்த, முன்கூட்டியே பேசிவைத்த விடுதி வளாகமோ தோப்போ இருந்தால் நீரும் மின்சாரமும் கிடைக்கும். கழிவுநீர்த் தொட்டியைக் காலி செய்ய முறையான இடமும் கிடைக்கும். கடற்கரையில் திறந்துவிடலாம் என்று எவரேனும் யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

குளிர்சாதனமும் கண்ணாடியும்

கேரவனில் மட்டுமே வரும் ஒரு தொல்லையைக் கூறியாக வேண்டும். இரவெல்லாம் குளிர்சாதனத்தில் இருந்த கேமராவை விடியலில் கடற்காற்றுக்குள் கொண்டுவந்தவுடன் லென்ஸ் முழுதும் நீர்த்துளி படியும். துடைத்தாலும் மீண்டும் படியும். முதல் காலையில் எங்கள் நால்வரின் படங்களும் இப்படியே கெட்டன. படுக்கப்போகுமுன் கேமராவைக் காற்றுப்புகாத பையில் இட்டு, குளிர்சாதனம் எட்டாத வண்டியின் பின்பெட்டியில் வைத்தால் இது நேராது. மறந்துவிட்டால், பையைத் திறக்காமல் அரைமணி நேரம் வெளிக்காற்றில் வைத்திருக்க வேண்டும்.

உப்புத்துளியை உலர்ந்த துணியால் தேய்த்தால் கண்ணாடி கீறும். முதலில் நல்ல நீரில் நனைத்த துணி, பிறகு உலர்ந்த துணி. முக்காலியின் கால்களையும் தினமும் நல்ல நீரில் கழுவ வேண்டும். அலை வந்து திரும்பும்போது காலடி மணலையும் அரித்துச் செல்வதால் முக்காலி மெல்ல இறங்கும். கால்களை முதலிலேயே ஆழமாக அழுத்தி ஊன்ற வேண்டும். அலையைப் பட்டுப்போல் காட்ட ஒரு வினாடிக்கு மேல் ஷட்டரைத் திறந்துவைப்பார்கள். எங்கள் அனுபவத்தில் பின்வாங்கும் அலையை அரை வினாடியில் எடுத்தபோதே நீரின் கோடுகள் உயிரோடு தெரிந்தன. முப்பது வினாடியில் கடல் பால்போலாகிவிடுகிறது. எங்களுள் ஒருவருக்கு அதுவே பிடிக்கும், அவரோடு வாதாடிப் பயனில்லை.

கடற்பகுதியில் ட்ரோன் பறக்கவிடுவோர் 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளைப் படித்தபின்பே பெட்டியைத் திறக்க வேண்டும். கார்வாரில் கடற்படைத் தளம் இருக்கிறது. அருகே கைகாவில் அணுமின் நிலையம். மங்களூரில் பெருந்துறைமுகமும் விமான நிலையமும் உள்ளன. டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் சிவப்பாகக் காட்டப்பட்ட இடங்களில் அனுமதியின்றிப் பறக்கவிடுவது குற்றம். நாங்கள் ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிட்டோம்.

ஓதக் கணக்கில் ஒரு வரி

கடல் நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது என்பதையும், ஏற்றவற்ற நேரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐம்பது நிமிடம் பிந்துகிறது என்பதையும், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றவற்றத்தின் அளவு மிகும் என்பதையும் படித்துத் தெரிந்துகொண்டே புறப்பட்டோம். இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் ஓத அட்டவணை வெளியிடுகிறது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் அலை உயர முன்னறிவிப்பைத் தருகிறது. தொலைவிலுள்ள தென்பெருங்கடல் புயல்களால் எழுந்து, இங்கே காற்றே இல்லாதபோதும் கரையேறும் 'கள்ளக்கடல்' பற்றிய எச்சரிக்கையும் அதிலிருந்தே வருகிறது. எங்கள் கையில் அச்சிட்ட அட்டவணை இருந்தது. ஆறாம் நாள் மாலை கோகர்ணத்தின் ஓம் கடற்கரையில் நின்றோம், அமாவாசைக்கு மறுநாள்.

கரையின் தென்கோடிப் பாறைகளுக்குச் செல்லும் வழியில் ஒரு தாழ்ந்த பள்ளம் உண்டு. வற்றத்தில் கணுக்கால் நனையக் கடக்கலாம். அட்டவணைப்படி வற்றம் மாலை 6.30 என்று குறித்திருந்தோம். ஆறு மணிக்குச் சூரியன் மறைந்தது. அந்தி ஒளி முடிந்தபின், நட்சத்திரங்களோடு பாறையை எடுக்க எங்களுள் மூத்தவர் அங்கேயே நின்றார். வற்றத்துக்குப் பின் ஒரு மணி நேரம் வரை வழி திறந்திருக்கும் என்பது கணக்கு. 7.30-க்கு நாங்கள் பள்ளத்துக்குத் திரும்பியபோது நீர் முழங்காலுக்கு மேல் இருந்தது. ஒவ்வோர் அலைக்கும் இடுப்பைத் தொட்டது. மூவர் கடந்துவிட்டோம். முக்காலியோடு கேமராவைத் தோளில் சுமந்துவந்த மூத்தவர் பாசிப்பாறையில் வழுக்கி விழுந்தார். அடுத்த அலை அவரைப் பாறையோடு தேய்த்து இழுத்தது. இருவர் இறங்கி அவருடைய பையின் வாரைப் பிடித்து இழுத்துக் கரைசேர்த்தோம். முழங்காலில் ஆறு தையல். கேமரா நீரோடு போயிற்று.

வண்டிக்குத் திரும்பியபின் விளக்கொளியில் அட்டவணையைப் பார்த்தோம். அன்றைய வற்றம் 5.40. நாங்கள் குறித்திருந்த 6.30 மறுநாளுக்கு உரியது. ஒரு வரி கீழே படித்திருந்தோம். இருபது ஆண்டுகளாகப் பேரேட்டில் வரி தவறாமல் கண்ணோட்டுவதையே தொழிலாகக் கொண்ட நால்வர்!

அந்த ஐம்பது நிமிடத்தின் பொருள் என்ன என்பதை மீனவர் அறிவர். வற்றத்திலிருந்து ஏற்றம் வரையுள்ள ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் கடல் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால் முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாம் மணியில் இரண்டு பங்கு, மூன்றாம், நான்காம் மணிகளில் மும்மூன்று பங்கு என்று ஏறிப் பின் தணியும். வற்றத்துக்கு ஒரு மணி கழித்து நிற்கிறோம் என்று எண்ணினோம். உண்மையில் இரண்டு மணியை நெருங்கியிருந்தோம். எண்ணியது ஒரு பங்கு; இருந்தது ஏறக்குறைய மூன்று பங்கு. இப்போது நாங்கள் ஒருவர் படித்துச் சொல்ல, மற்றொருவர் தேதியோடு எழுதி, மூன்றாமவர் சரிபார்க்கிறோம். பாறைக்குச் செல்லுமுன் பத்து நிமிடம் நின்று, மிகப் பெரிய அலை எதுவரை வருகிறது என்பதையும் பார்க்கிறோம்.

காப்பீட்டு விஷயம் அதன்பின் தொடங்கிற்று. மூத்தவரிடம் வீட்டுக் காப்பீடு இருந்தது; அதில் கேமராவும் பட்டியலில் இருந்தது. ஆனால் அது வீட்டுக்குள் இருக்கும் பொருளுக்கான பாதுகாப்பு மட்டுமே. வெளியே எடுத்துச் செல்லும் கருவிகளுக்கு, 'அனைத்து இடர்' பாதுகாப்பைத் தனியே சேர்த்து, தொடர் எண்ணையும் விலைப்பட்டியலையும் கொடுத்திருக்க வேண்டும். சேர்த்திருந்தால் ஆண்டுக்குக் கூடியிருக்கும் பிரீமியம் அந்த லென்ஸின் விலையோடு ஒப்பிடத்தக்கதே அன்று. இவ்விதழைப் படிப்போரில் கேமரா வைத்திருப்பவர்கள் இன்றே தம் பாலிசியை எடுத்து, எந்த இடத்தில் நேரும் இழப்புக்குப் பொருந்தும் என்ற வரியைப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

பலகையின் நிறம்

வண்டி அமர்த்தும்போது நாங்கள் செய்த பிழை ஒன்றும் உண்டு; வங்கி அலுவலர்களாகிய நாங்கள் அதைச் சொல்ல நாணுகிறோம். முதலில் மிகக் குறைந்த வாடகைக்கு ஒருவர் தொலைபேசியில் கேரவன் தர முன்வந்தார். முன்பணம் 15,000 ரூபாயைத் தம் சொந்த யு.பி.ஐ. எண்ணுக்கு அனுப்பச் சொன்னார்; அனுப்பினோம். வண்டியின் படம் வந்தது. எங்களுள் ஒருவரின் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "வாடகை வண்டிக்கு ஏன் வெள்ளைப் பலகை?" என்று கேட்டார். சொந்த உபயோக வண்டிக்கு வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து. ஓட்டுநரோடு வரும் வாடகை வண்டிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. நாமே ஓட்ட எடுக்கும் வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு விட்டால் அதன் காப்பீட்டு நிபந்தனை மீறப்படுகிறது. விபத்து நேர்ந்தால் சேத ஈடு கிடைக்காது. பதிவுச் சான்றும் அனுமதிச் சீட்டும் கேட்டவுடன் அவர் அழைப்பை எடுப்பதை நிறுத்திவிட்டார். உடனே 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் செய்தோம். ஆனால் பணம் அனுப்பி நான்கு நாள் ஆகியிருந்தது. பணம் மீளவில்லை. இத்தகைய புகாரில் முதல் சில மணி நேரமே மதிப்புடையது என்பதை வாடிக்கையாளருக்கு நாங்கள் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம்.

பின்னர் முறையான நிறுவனத்தில் ஓட்டுநரோடு எடுத்தோம். தாமே ஓட்ட விரும்புவோர் வண்டியின் மொத்த எடையைப் பார்க்க வேண்டும். 7,500 கிலோவுக்குட்பட்ட வண்டியை இலகு ரக உரிமம் உள்ளவர் ஓட்டலாம். போக்குவரத்து வண்டிக்கும் இது பொருந்தும் என 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்துள்ளது. ஃபாஸ்டேக் அட்டை வண்டியின் வகைக்குப் பொருந்துகிறதா, அதில் இருப்பு உள்ளதா என்பதையும் புறப்படுமுன் கேளுங்கள்.

செலவுக் கணக்கு

கீழ்வருவன எடுத்துக்காட்டுக்கான எண்களே; உங்கள் ஊரின் விலையை அவற்றுக்குப் பதில் இட்டுக்கொள்ளுங்கள். நாள் வாடகை ஓட்டுநரோடு 10,000 ரூபாய் எனக் கொண்டால் ஏழு நாளுக்கு 70,000. சுற்றுவழிகளும் சேர்த்து 600 கிலோமீட்டர், லிட்டருக்கு 8 கிலோமீட்டர் எனில் 75 லிட்டர் டீசல். லிட்டர் 90 ரூபாய் என்றால் 6,750. இரவு நிறுத்துமிடம் ஆறுக்கு 9,000. சுங்கம், படகு, உணவு, மருந்து, மழையால் வீணாகும் ஒரு நாள் ஆகியவற்றுக்கு 14,250. மொத்தம் ஒரு லட்சம். நால்வருக்கு ஆளுக்கு 25,000. இவற்றுள் வாடகையில் ஜி.எஸ்.டி. சேர்ந்துள்ளதா, நாளுக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற வரம்பு உண்டா, ஓட்டுநரின் இரவுப்படி யாருடையது என்னும் மூன்றையும் எழுத்தில் பெற வேண்டும். வைப்புத்தொகை இதில் சேரவில்லை. அதைக் கடன் அட்டையில் பிடித்துவைத்தால், விடுவிக்கும்வரை உங்கள் செலவு வரம்பு அத்தனை குறையும். வழியில் மருத்துவமனைக்கு அட்டையை நீட்டும்போதுதான் அது நினைவுக்கு வரும்.

இந்த ஒரு லட்சத்தை ஒரு குடும்பமே ஏற்பதாகக் கொள்வோம். ஓராண்டு முன்பே திட்டமிட்டு மாதம் 8,000 ரூபாய் தொடர் வைப்பில் இட்டால், ஆண்டு வட்டி 6.5 விழுக்காடு எனில் முடிவில் ஏறக்குறைய 99,400 கையில் இருக்கும். அதே தொகையை 12 விழுக்காட்டுத் தனிநபர் கடனாகப் பெற்று ஓராண்டில் திருப்பினால், மாதத் தவணை 8,885. மொத்தம் 1,06,600-க்கு மேல். இரண்டுக்கும் இடைவெளி ஏறக்குறைய 10,000 ரூபாய். அதாவது கடற்கரையில் ஒரு நாள். கடன் வழங்குவதே எங்கள் தொழில் என்றாலும், விடுமுறைக்கு வைப்பு நல்லது என்றே சொல்வோம்.

வாங்கிவிடலாமா என்று கேட்போருக்கும் கணக்கே விடை. 30 லட்சம் கடன், 10 விழுக்காடு, ஏழாண்டு என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 49,800. ஆண்டுக்குச் சுமார் 5,98,000. மேலே கொண்ட வாடகையில் இது ஆண்டுக்கு அறுபது நாள் பயணத்துக்குச் சமம். வரி, காப்பீடு, பராமரிப்பு, நிறுத்த இடம் ஆகியவை வேறு. ஓய்வுபெற்ற வாடிக்கையாளர் ஒருவர் இக்கணக்கைத் தாளில் எழுதி வாங்கிச் சென்றார். மறுவாரம் வந்து, அறுபது நாள் தாராளமாகப் போவேன், ஆனால் மனைவி வரமாட்டாள் என்று கூறிச் சிரித்தார். பழைய வேனைக் கேரவனாக மாற்ற நினைப்போர், மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி பதிவு அதிகாரியின் ஒப்புதலின்றி வண்டியின் அமைப்பை மாற்ற இயலாது என்பதை முதலில் அறிய வேண்டும்.

வண்டியை ஏற்கும்போதும் ஒப்படைக்கும்போதும் அதன் நான்கு பக்கங்களையும் உள்ளறையையும் ஓட்ட மானியையும் தேதியோடு படமெடுத்துக்கொள்ளுங்கள். கேமரா கையில் இருப்போருக்கு இது கடினமன்று. கார்வாரில் காளி ஆற்றங்கரையில் எங்கள் கடைசிக் காலை கழிந்தது. இளம் தாகூர் இவ்வூரில் தம் அண்ணன் வீட்டில் தங்கி நாடகம் ஒன்று எழுதினார் என்பதால் கடற்கரைக்கு அவர் பெயர் இட்டிருக்கின்றனர். கட்டுப்போட்ட காலை நீட்டி வண்டியின் படியில் அமர்ந்தபடி மூத்தவர் எங்களுள் ஒருவரின் கேமராவை வாங்கி, பனிமூட்டத்தில் செல்லும் ஒரு மீன்பிடிப் படகை எடுத்தார். எங்கள் பயணத்தின் ஆகச் சிறந்த படம் அதுவே; இப்போது எங்கள் கிளையின் காத்திருப்பு அறையில் மாட்டியிருக்கிறோம். வைப்புத்தொகை 25,000 ரூபாயில் 900 பிடித்துக்கொண்டு மீதியைப் பத்தாம் நாள் அனுப்பினார்கள். உடைந்த திரைக்கம்பிக்காம். அதை உடைத்தது எங்கள் முக்காலிதான். ஏற்கும்போது எடுத்த படத்தில் கம்பி நேராகவே இருந்தது.